மூன்று பிள்ளைகள், ஒரு மேசை: வீட்டுக் கல்விக்குப் பாடவிதானம் தெரிவு செய்வது பற்றி

"ராத்தா, உங்கட மூணு பேருக்கும் எந்த செட் எடுத்தீங்க? பேரச் செல்லுங்க, நானும் அதையே எடுக்கப் போறன்."

பாமன்கடையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் இப்படிக் கேட்டார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். பாடசாலையிலிருந்து எடுத்து வீட்டில் படிப்பிக்கலாமா என்று குடும்பத்தில் யோசிக்கிறார்கள். கணவர் சம்மதம், மாமி சம்மதமில்லை. "புக் செட்" ஒன்றை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவித்த முழு வருடத்துக்கான பாடநூல், பயிற்சிக் கொப்பி, ஆசிரியர் கையேடு எல்லாம் அதற்குள். ஒரு மாத வீட்டு வாடகைக்கு மேலே போனது. மூத்தவன் மூன்று கிழமை படித்தான். நடுவுள்ளவள் ஆறாவது நாளே அழுதாள். கடைக்குட்டி பெட்டியை மட்டும் விரும்பினான், அதை வைத்து ஓட்டோ செய்து விளையாடினான். பிள்ளைகளைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து வாங்கிய பிழை என்னுடையது. அந்தத் தாய்க்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப மனம் வராமல் அன்று அஸருக்கு முன் தொடங்கிய பேச்சு மஃரிப் வரை போனது. அப்போது பேசியதை ஒழுங்குபடுத்தித்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் படிப்பது எங்களுக்குப் புதிதா?

வீட்டுக் கல்வி என்றதும் அமெரிக்காவிலிருந்து வந்த நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் உம்மும்மாமார் எங்கே படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வீட்டின் உள்ளறையில், ஒரு லெப்பையின் மனைவியிடமோ ஓதத் தெரிந்த ஒரு மூதாட்டியிடமோ அலிஃப் பே தொடங்கியிருப்பார்கள். குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தில் அரபுத்தமிழும் வாசிக்கக் கற்றார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அரபுத்தமிழில் எழுதிய கிரந்தங்கள் இந்தக் கரையிலும் வீடு வீடாக வாசிக்கப்பட்டன. தமிழெழுத்து அறியாத பெண்ணும் தமிழ் நூல் வாசித்தாள். அது ஒரு பாடவிதானம்தான். நோக்கம் தெளிவாக இருந்தது, நூல் இருந்தது, கற்பிப்பவர் இருந்தார்.

அதற்கு ஒரு குறையும் இருந்தது. அந்தக் கல்வி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கணக்கு, ஆங்கிலம், சட்டம், வைத்தியம் எல்லாம் வெளியே வேறு ஆட்களின் கையில் இருந்தன. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த எம்.சி. சித்திலெப்பை (1838–1898) 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கித் திரும்பத் திரும்ப எழுதியது இந்தக் குறையைப் பற்றித்தான். 1892 இல் மருதானையில் பின்னாளில் ஸாஹிரா ஆன பாடசாலை திறக்கப்பட்டது. பெண் பிள்ளைகளுக்கென்றும் கண்டியில் அவர் பாடசாலை தொடங்கினார். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று பயந்த பெற்றோரை இணங்கவைக்க ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருந்தது.

ஆகவே இன்று பிள்ளையை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சித்திலெப்பை திறந்த கதவை நாங்கள் அடைக்கிறோமா, இல்லை வீட்டுக்குள்ளே இன்னொரு கதவைத் திறக்கிறோமா? பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையை, பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு அதற்கு வீட்டுக் கல்வி என்று பேர் வைப்பதும் நடக்கிறது. அது கல்வியல்ல. நான் இங்கே எழுதுவது, பாடசாலையில் கிடைப்பதைவிடக் குறையாத ஒன்றைத் தரத் தயாராக இருக்கும் பெற்றோருக்கு மட்டும்.

மூன்று சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்

பாடவிதானம், பாடநூல், பரீட்சை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் "எந்த செட்?" என்ற கேள்வி பிறக்கிறது.

பிள்ளை எதை, எந்த வயதில், எந்த ஒழுங்கில் கற்க வேண்டும் என்ற திட்டம்தான் பாடவிதானம். அதற்குத் துணையாக வரும் சாமான் பாடநூல். ஒரு திட்டத்துக்குப் பல நூல்கள் பொருந்தும். கற்றதை வெளியுலகம் ஏற்றுக்கொள்ளும்படி காட்டும் வாசல் பரீட்சை. வாசல் எதுவென்று முதலில் தெரிந்தால் திட்டத்தை அதிலிருந்து பின்னோக்கி அமைக்கலாம். நூல் வாங்குவது கடைசி. நான் கடைசியை முதலில் செய்தேன்.

கொழும்பில் இருக்கும் எங்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, இலங்கைத் தேசியப் பாடவிதானம். மஹரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூலை வெளியிடுகிறது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் கிடைக்கின்றன. கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்தால் தாள் காசு மட்டும். வீட்டில் கற்பிக்கும் பலரும் பாடநூலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் வழிகாட்டியை விட்டுவிடுகிறார்கள். செல்லப்போனால் எங்களுக்கு அதுதான் அதிகம் தேவை. ஒரு பாடத்தில் பிள்ளை என்ன தேர்ச்சி பெற வேண்டும், எத்தனை பாடவேளை செலவாகும், என்ன செயற்பாடு செய்யலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. இந்த வழியின் வாசல் க.பொ.த. சாதாரண தரம். 6 கட்டாயப் பாடங்களும் 3 தொகுதிப் பாடங்களுமாக 9. பாடசாலையில் இல்லாதவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரச பல்கலைக்கழகத்துக்குப் பொது வழி இலங்கை உயர்தரம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, பிரித்தானியப் பாடவிதானம். கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் இரண்டுக்கும் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். பாடத்தைப் பிரித்துப் பிரித்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்றாக எழுதலாம் என்பது வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய வசதி. வீட்டில் ஆய்வுகூடம் இல்லாதவர்கள் விஞ்ஞானத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. கேம்பிரிட்ஜில் செய்முறைக்கு மாற்றாக எழுத்து வினாத்தாள் ஒன்று இருக்கிறது. எடெக்ஸெல் சர்வதேச சாதாரண தரத்தில் தனிச் செய்முறைப் பரீட்சையே இல்லை. ஆனால் கட்டணம் பாடத்துக்குப் பாடம் அறவிடப்படுகிறது, அது வெளிநாட்டு நாணயத்தோடு கட்டுண்டது. 2022 இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 360 ரூபாயைத் தாண்டியபோது எத்தனை வீடுகளில் பிள்ளையின் பரீட்சை தள்ளிப்போனது என்பது கொழும்பு ஆறில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மூன்று பிள்ளையுள்ள வீடு இந்தக் கணக்கை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மூன்றாவது, எந்த வாசலோடும் கட்டுப்படாத முறைகள். இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) சொன்ன முறை ஒன்று. பாடம் சிறியது, நூல் உயிருள்ளது, வாசித்ததைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். மரியா மொன்டிசோரியின் முறை இன்னொன்று. அவர் 1944 இல் இலங்கைக்கு வந்து போனவர், அவர் பெயரே இங்கே பாலர் பாடசாலைக்கு மறுபெயராகிவிட்டது. பிள்ளை எதைக் கேட்கிறதோ அதைத்தான் படிப்பிப்பது என்ற அமெரிக்கர் ஜோன் ஹோல்ட்டின் போக்கு மற்றொன்று. இவற்றிலிருந்து கற்பிக்கும் விதத்தை எடுத்துக்கொள்ளலாம். வாசலைத் தரமாட்டா. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இது பெரிய பிரச்சினையல்ல. அதற்கு மேலே முதலிரண்டில் ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை என்று வைத்த எல்லை 2016 இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்குப் பிள்ளையின் நேரசூசி, கொப்பிகள், வாசித்த நூல்களின் பட்டியல், மாதாந்த மதிப்பீடு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். முடிவெடுக்கும் முன் வலயக் கல்வி அலுவலகத்திலும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. நாளைக்குப் பாடசாலைக்குத் திரும்ப நேர்ந்தாலும் அந்தக் கோப்புத்தான் கைகொடுக்கும்.

ஒரே வயிற்றில் பிறந்த மூன்று விதம்

எங்கள் மூத்தவனுக்கு 14 வயது. எதைக் கண்டாலும் கழற்றுவான். வீட்டில் மின்விசிறி நின்றால் அவனைத்தான் கூப்பிடுவோம். புத்தகத்தைக் கொடுத்தால் கொட்டாவி விடுவான். நடுவுள்ளவளுக்கு 11. கையில் கதைப் புத்தகம், காதில் எதுவும் விழாது. கீறவும் செய்வாள். "எனக்குக் கணக்கு ஏலாது உம்மா" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வசனம். கடைக்குட்டிக்கு 7. இருந்த இடத்தில் இருக்க மாட்டான். ஆனால் காதால் கேட்டதை மறக்க மாட்டான். ராத்தா ஓதுவதைக் கேட்டே சின்ன ஸூராக்கள் பலவற்றைப் பாடமாக்கிவிட்டான்.

இந்த மூவருக்கும் ஒரே பெட்டி எப்படிப் பொருந்தும்?

எங்கள் முன்னோர் இதைப் பற்றி எழுதாமல் போகவில்லை. இப்னு ஸீனா (980–1037) பிள்ளை வளர்ப்புப் பற்றிச் சொல்லும்போது, பிள்ளை விரும்பும் தொழிலெல்லாம் அவனுக்குக் கைவராது, அவனுடைய இயல்புக்கு எது பொருந்துகிறதென்று கற்பிப்பவர் முதலில் அறிய வேண்டும் என்கிறார். விருப்பம் வேறு, இயல்பு வேறு என்று பிரித்த இடம் அது. இப்னுல் கையிமும் பிள்ளை எதற்குத் தயாராகப் படைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கும்படி பெற்றோரைத் தூண்டுகிறார். இமாம் கஸ்ஸாலி பாடத்துக்குப் பிறகு விளையாட விடச் சொல்கிறார். விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பிலேயே அழுத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும் என்பது அவர் கருத்து.

இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய முகத்திமாவின் ஆறாம் அத்தியாயம் இன்னும் சுவாரஸ்யமானது. ஒரே உம்மத்தில் அன்றே நான்கு பாடவிதானங்கள் இருந்ததை அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். மக்ரிபில் பிள்ளைக்குக் குர்ஆன் மட்டும். அந்தலூஸில் குர்ஆனோடு கவிதை, மொழி, எழுத்தழகு. இஃப்ரீகிய்யாவில் குர்ஆனோடு ஹதீஸும் வேறு சில கலைகளும். கிழக்கு நாடுகளில் எல்லாம் கலந்து, எழுத்தழகுக்கு மட்டும் வேறு ஆசிரியர். காழி அபூபக்ர் இப்னுல் அரபி என்பவர் மொழியையும் கவிதையையும் முதலிலும் கணக்கை அடுத்தும் வைத்து, அதன் பிறகே குர்ஆனுக்கு வர வேண்டும் என்று சொன்னதையும் எடுத்துக்காட்டி, அது நல்ல முறைதான் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் பிள்ளை வளர்ந்து கைநழுவிப் போனால் குர்ஆன் தவறிவிடும் என்ற பயத்தில் மக்களின் வழமை அதற்கு இடம் தராது என்றும் சொல்கிறார். எந்தப் பாடவிதானத்திலும் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்னவர்கள் குறைவு. ஒரே நேரத்தில் இரண்டு துறைகளைத் திணிக்க வேண்டாம், ஒரு விடயத்தை மூன்று சுற்றில் மெல்ல மெல்ல ஆழப்படுத்துங்கள், கடுமை பிள்ளையைப் பொய்க்கும் சோம்பலுக்கும் தள்ளும் என்ற அவருடைய மூன்று அறிவுரைகளையும் நான் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மூன்றாவதை அடிக்கடி வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு கிழமை: பார்ப்பது மட்டும்

பெட்டி தோற்ற பிறகு நாங்கள் செய்தது இது. இரண்டு கிழமைக்குப் பாடமே இல்லை. தொழுகை, ஓதல், வீட்டு வேலை, வாசிப்பு மட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி போட்டு, யாரும் சொல்லாமல் தானாக என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று குறித்தேன்.

மூன்று கொப்பியிலும் எனக்குத் தெரியாத விஷயங்கள் வந்தன. வாசிக்கப் பிடிக்காது என்று நான் முடிவு கட்டியிருந்த மூத்தவன் பழைய ரேடியோ ஒன்றின் கையேட்டை ஒரு மணித்தியாலம் வாசித்தான். அவனுக்கு வாசிப்பில் குறையில்லை, கதையில்தான் விருப்பமில்லை. கணக்கு ஏலாது என்ற மகள் பின்னல் வேலைக்குக் கண்களை எண்ணி, பாதியாக்கி, வடிவத்தைத் திருப்பினாள். அவளுக்குப் பயம் எண்ணில் அல்ல, நேரம் வைத்துச் செய்யும் பயிற்சித் தாளில். கடைக்குட்டி நடந்துகொண்டே பாடமாக்குகிறான். அவனை இருத்தி எழுதச் சொன்னதுதான் எங்கள் சண்டையின் காரணம்.

மூன்றாவது கண்டுபிடிப்பு கவலை தந்தது. மூவரும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மூத்த இருவருக்கும் தமிழை ஓட்டமாக வாசிக்க வரவில்லை. படித்தது ஆங்கில மொழிமூலம். கடைக்குப் போய் சிங்களம் பேசுவார்கள், எழுத மாட்டார்கள். உம்மும்மா வைத்துவிட்டுப் போன நூல்கள் வீட்டில் இருக்கின்றன, என் பிள்ளைகளுக்கு அவை பூட்டிய பெட்டி. இதை இன்னும் ஐந்து வருடம் விட்டிருந்தால் இந்தச் சஞ்சிகையையும் அவர்களுக்கு நான் வாசித்துத்தான் காட்ட வேண்டும். பாடவிதானம் தெரிவு செய்யும்போது மொழியையும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேசையில் ஒன்றாக, கொப்பியில் தனித்தனியாக

மூன்று பிள்ளைக்கு மூன்று முழுப் பாடவிதானம் நடத்த ஒரு தாயால் ஏலாது. ஒன்றை மூவருக்கும் போடவும் முடியாது. நாங்கள் கண்ட நடுவழி, பாடங்களை இரண்டாகப் பிரிப்பது.

கணக்கும் மொழியும் படிக்கட்டுப் பாடங்கள். ஒரு படியைத் தாண்டி அடுத்ததில் கால் வைக்க முடியாது. இவற்றைத் தனித்தனியாக, அவரவர் இருக்கும் படியிலிருந்து, வயதைப் பார்க்காமல் நடத்த வேண்டும். வரலாறு, புவியியல், சீறா, சுற்றாடல், விஞ்ஞானத்தின் பெரும்பகுதி ஆகியன கம்பளப் பாடங்கள். எந்த மூலையிலிருந்தும் உட்காரலாம். இவற்றை மூவருக்கும் ஒன்றாக நடத்தி, வேலையை மட்டும் வேறுவேறாகக் கொடுக்கலாம்.

ஒரு உதாரணம். கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409 ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சீனப் பகுதி புத்தரைப் புகழ்கிறது, தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தெய்வத்தைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து நிற்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது.

மூவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மூத்தவனுக்குக் கொடுத்த வேலை கப்பல். அவ்வளவு பாரமான கல்லைக் கப்பலில் எப்படி ஏற்றியிருப்பார்கள், பருவக்காற்று எந்த மாதம் எந்தத் திசையில் வீசும் என்று தேடினான். அதிலிருந்து அரபு மாலுமிகள் பாவித்த கமால் என்ற கருவிக்குப் போனான். ஒரு சின்னப் பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட நூல், அவ்வளவுதான். நூலைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, எந்த முடிச்சில் நிற்கிறதென்று பார்த்து அகலாங்கைக் கணக்கிட்டார்கள். அவன் அட்டையில் ஒன்று செய்தான். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருப்பதால் இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 7 பாகைதான் நிற்கும், கட்டடங்களுக்கு மேலே தெரிவது கஷ்டம். ஆகவே மொட்டை மாடியில் நின்று தண்ணீர்த் தாங்கியை அளந்தான். முக்கோணக் கணிதம் தொடங்க எனக்கு வேறு முன்னுரை தேவைப்படவில்லை.

மகளுக்கு எழுத்துக்கள். பழைய தமிழ் எழுத்தைக் கீறி, இன்றைய எழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தமிழ் வாசிக்க அவளுக்கு ஆசை பிறந்தது அந்தக் கல்லுக்கு முன்னால்தான். கடைக்குட்டிக்குக் கதை. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி பாவா ஆதம் மலைக்குப் போய் கலன்பு என்ற எங்கள் ஊரையும் பார்த்துவிட்டுப் போன கதையை பஸ்ஸில் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவன் அதை மூத்தாப்பாவுக்குச் சொன்னான், ஒரு ஊர் தவறாமல். 7 வயதுக்கு அதுவே பரீட்சை.

வீட்டிலிருந்து அதிகம் தூரம் போகத் தேவையில்லாதவர்கள் நாங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடக்கும் தூரம். தெஹிவளை மிருகக்காட்சிசாலை பாலத்துக்கு அப்பால். கடற்கரை காலி வீதிக்கு அந்தப் பக்கம். பெட்டிக்குள் வருவதைவிட இவை மலிவு.

இன்று நாங்கள் நிற்கும் இடம்

மூத்தவனுக்கு இங்கிலாந்துப் பரீட்சை. ஆறு பாடங்கள், இரண்டு தடவையாகப் பிரித்து. அதற்குப் பிறகு உயர்தரமா, தேசியத் தொழிற் தகைமையா என்பது வீட்டில் இன்னும் முடியாத வாதம். 7 மட்டங்கள் கொண்ட அந்தத் தகைமையில் ஏழாவது பட்டத்துக்குச் சமன் என்று நான் எடுத்துக் காட்டுகிறேன். "பாஸா எழுதிட்டு பேந்து கழட்டட்டும்" என்கிறார் வாப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பரீட்சை இல்லாத திறமையை இந்த ஊர் கூலி வேலைக்கு மட்டும்தான் கூப்பிடும்.

மகளுக்குக் கலப்பு. கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில், அவள் நிற்கும் படியிலிருந்து, நேரம் வைக்காமல். தமிழுக்குத் தேசியப் பாடநூல், தரம் 4 இலிருந்து. 11 வயதில் தரம் 4 நூலா என்று அவளுக்கு வெட்கம். அட்டையைக் கழற்றிவிட்டு வேறு அட்டை போட்டோம். கதையில் பித்துள்ளவளுக்குக் கணக்கைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டுக் கற்பிக்கும் விதத்தை மாற்றலாம். கணக்கும் மொழியும் தீனும் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்பதில்லை.

கடைக்குட்டிக்கு முழுக்கத் தேசியப் பாடவிதானம், தமிழ் மொழிமூலம். தாய்மொழி, கணிதம், சுற்றாடல், இஸ்லாம், கூடவே சிங்களமும் ஆங்கிலமும் பேச்சாக. காலையில் சுபஹுக்குப் பிறகு ஓதலும் மனனமும் நடந்துகொண்டே. அவன் ஹிப்ழு செய்யட்டும் என்று மாமி சொல்கிறார். அல்லாஹ் நாடினால் செய்யட்டும். ஆனால் நல்ல மனனசக்தி உள்ள பிள்ளைக்குக் கணக்கும் மொழியும் தேவையில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹாபிழ் ஆன பிறகு 15 வயதில் தரம் 5 கணக்கோடு போராடும் பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நாளொன்றுக்கு எங்கள் முறைப்படியான பாடம் கடைக்குட்டிக்கு ஒன்றரை மணித்தியாலம், மகளுக்கு மூன்று, மூத்தவனுக்கு நான்கு. ளுஹருக்கு முன் தனிப்பாடம் முடியும். சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் ஒன்றாக. அஸருக்குப் பிறகு விளையாட்டும் அவரவர் விருப்பமும். வெள்ளிக்கிழமை பாடமில்லை. காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் இல்லாத நாள், என் கோபம், இவையெல்லாம் நேரசூசியில் இல்லை, ஆனால் வரும். மூன்று நாளுக்குரிய திட்டத்தை நான்கு நாளுக்கு எழுதிக்கொண்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

வாங்கும் முன் ஐந்து கேள்வி

அந்தத் தாய் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் உதவலாம்.

1. இந்தப் பிள்ளை 16 வயதில் எந்தப் பரீட்சையின் முன் நிற்கும்? அந்தக் கட்டணத்தை நாங்கள் தாங்குவோமா?

2. இந்த நூல் எந்த மொழியில்? அதனால் எந்த மொழி கைநழுவும்? அதை எப்படி ஈடு செய்வோம்?

3. இதை நடத்த உம்மாவுக்கு நாளில் எத்தனை மணித்தியாலம் வேண்டும்? உண்மையாகச் சொன்னால் எத்தனை இருக்கிறது?

4. ஒரு அலகை மட்டும் அச்செடுத்து இரண்டு கிழமை நடத்திப் பார்த்தோமா? பிள்ளை எந்த இடத்தில் அழுதது, எந்த இடத்தில் இன்னும் கேட்டது?

5. எனக்குத் தெரியாத பாடத்தை யார் கற்பிப்பார்? எனக்கு இரசாயனம் வராது. மூத்தவன் அதற்கு மட்டும் வெளியே வகுப்புக்குப் போகிறான். வீட்டுக் கல்வி என்றால் எல்லாம் வீட்டிலேயே என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெற்றோர் இருவரும் உட்கார்ந்து கொப்பிகளைப் பார்க்க வேண்டும். வாசிப்பிலும் கணக்கிலும் பிள்ளை முன்னேறவில்லை என்று இரண்டு தவணை தொடர்ந்து தெரிந்தால், வெட்கப்படாமல் பாடசாலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பிள்ளையின் காலம் எங்கள் பிடிவாதத்துக்காகத் தரப்பட்டதல்ல, அது அமானத்.

அந்தத் தாய் இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்தார். செட் எதுவும் வாங்கவில்லை. கையில் மூன்று கொப்பி. "ராத்தா, என்ட சின்னவன் ஒரு நாளைக்கு எத்தின கேள்வி கேக்கிறான் தெரியுமா? நான் இவ்வளவு நாளும் எண்ணிப் பாக்கவே இல்ல" என்றார். மூத்த மகளைப் பாடசாலையிலேயே விடுவது, சின்னவர்கள் இருவரை மட்டும் ஒரு வருடம் வீட்டில் பார்ப்பது என்று முடிவாம். அது நல்ல முடிவா என்று இப்போது சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பார்த்து எடுத்த முடிவு என்பது மட்டும் தெரிகிறது. அல்லாஹ் அவர்களுக்கும் எங்களுக்கும் பயன்தரும் கல்வியைத் தருவானாக.